அகிம்சைப் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் உங்களுக்கு உந்துதலாக இருப்பவர் யார்?

எனக்கு வேதாரண்யம் வைரப்பன். முடிதிருத்தும் தொழிலாளி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் வளர்ந்த நான் இவர் கதையைத் தாத்தா சொல்லித்தான் கேட்டேன். வேதாரண்யம் உப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ராஜாஜியையும் சர்தார் வேதரத்தினம் பிள்ளையையும் தெரிந்தவர்களுக்குக்கூட இவரைத் தெரியவில்லையே என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் வேதாரண்யத்தில் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்! ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பை அள்ளினார், கைதானார், ஆறு மாதம் சிறை.

அப்புறம் ஊர் தன் பங்கைச் செய்தது. போலீஸ்காரர்களுக்குச் சவரம் கிடையாது, துணி வெளுப்பு கிடையாது. வைரப்பன் முன்னால் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பாதி முகம் மழித்த பிறகுதான் அவர் போலீஸ் என்று தெரிந்தது. வைரப்பன் கத்தியை மடக்கிவிட்டார். இந்த இடம் வந்ததும் தாத்தா ஆள்காட்டி விரலை உள்ளங்கைக்குள் மெதுவாக மடக்கிக் காட்டுவார். மீதியை முடி, இல்லையென்றால் சிறை என்று மாஜிஸ்திரேட் சொன்னதற்கு, சவரப் பெட்டியை நீட்டி, நீங்களே முடித்துவிடுங்கள் என்றாராம்.

ராஜாஜிக்குக் கிடைத்த அதே ஆறு மாதம் இவருக்கும் கிடைத்தது. வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது.

சலூனில் கழுத்தோரம் கத்தி ஓடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். எதிராளியின் தொண்டை கைக்கெட்டும் தூரத்தில், கையிலோ தீட்டிய கத்தி. அவர் செய்தது அதை மடக்கியது மட்டும்தான். அன்றாடம் நாலு பேருக்குச் சவரம் செய்தால்தான் உலை கொதிக்கும் வீடு அவருடையது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நெல் மண்டியில் எடை எழுதும் வேலையில் இருந்தேன். மூட்டைக்கு ஒரு கிலோ குறைத்து எழுதச் சொன்னார்கள். எதிரே தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற விவசாயிக்கு என் அப்பா வயது. பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்துவிட்டு எழுந்தேன். சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. தாத்தாவின் அந்த விரல்தான் கண்ணுக்குள் இருந்தது.

வேலை போயிற்று. அடுத்தது கிடைக்க இரண்டு மாதம் ஆனது. மளிகைக் கடைக் கடனும் அம்மாவின் முகமும் பார்த்த அந்த நாட்களில்தான், வைரப்பன் வீட்டு ஆறு மாதம் எனக்கு உறைத்தது.