யோகோஹாமாவின் முதல் சரக்கு

அன்புள்ள ஐயா,

1859இல் ஜப்பான் துறைமுகங்கள் திறந்ததும் அங்கே குவிந்த வெளிநாட்டு வணிகர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு மொழி தெரியாது, நாட்டுக்குள் போகவும் அனுமதியில்லை. அப்படியிருந்தும் எதில் பணம் பார்த்தார்கள்? பட்டிலா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிலைத்த வியாபாரம் பட்டுதான். ஆனால் யோகோஹாமாவில் முதல் சில மாதங்களில் கொழுத்த லாபம் தந்த சரக்கு, ஜப்பானின் பொற்காசு.

கணக்கைப் பாருங்கள். வெளியுலகில் ஒரு பங்கு பொன்னுக்குச் சுமார் 15 பங்கு வெள்ளி. ஜப்பானுக்குள் சுமார் 5 பங்கு. 1858 ஒப்பந்தப்படி வெளிநாட்டு வெள்ளியை ஜப்பானிய வெள்ளிக்கு எடைக்கு எடை மாற்றலாம். அன்று வணிகத்தில் புழங்கிய மெக்சிகோ வெள்ளி டாலர் 100 கொடுத்தால், இச்சிபு என்ற ஜப்பானிய வெள்ளிக்காசு 300 கிடைக்கும். நான்கு இச்சிபுவுக்கு ஒரு கோபன் என்ற பொற்காசு. ஆக 75 கோபன். ஷாங்காயில் விற்றால் கிட்டத்தட்ட 300 டாலர்.

ஜப்பானியர் பொன்னின் அருமை தெரியாமல் ஏமாந்தார்கள் என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். இச்சிபு அரசு முத்திரையால் மதிப்புப் பெற்ற காசு. அதிலிருந்த வெள்ளியின் விலை அதைவிட மிகக் குறைவு. வெற்றுக் காகிதத்தை எடை போட்டுக் கொடுத்து, அதே எடைக்கு நம் ரூபாய் நோட்டுகளை வாங்கிப்போக ஒருவருக்கு உரிமை இருந்தால் எப்படியிருக்கும்? அதுதான் நடந்தது. அன்று ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனின் அரசுக்கு இது தெரிந்தே இருந்தது. டாலருக்கு ஒரு இச்சிபு மதிப்பு மட்டுமே வரும்படி, எடை கூடிய புது வெள்ளிக்காசை வெளியிட்டது. ஒப்பந்த மீறல் என்று வெளிநாட்டுத் தூதர்கள் எதிர்க்க, சில வாரங்களிலேயே அதைக் கைவிட நேர்ந்தது. நியாயம் ஷோகன் அரசின் பக்கம்தான் இருந்தது என்பேன்.

1860இல் கோபனின் எடையை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்தார்கள். பொன் வெளியேறுவது அடங்கியது, விலைவாசி ஏறியது. அடிபட்டவர்கள், வருமானம் கூடாத கீழ்நிலை சாமுராய்களும் நகரத்து ஏழைகளும்.

அப்புறம்தான் பட்டு. ஐரோப்பாவில் பட்டுப்புழுக்களை நோய் அழித்துக்கொண்டிருந்ததால் ஜப்பானிய நூலுக்கு நல்ல கிராக்கி. துறைமுகத்திலிருந்து பத்து ரி, அதாவது சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால் வெளிநாட்டவர் போகக் கூடாது. எனவே உள்நாட்டில் நூலைச் சேகரித்துக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானிய வியாபாரிகளே. மொழிச் சிக்கலைத் தீர்க்க, வெள்ளைக்கார வணிகர்கள் சீனத்துத் துறைமுகங்களிலிருந்து சீனக் கணக்கர்களைக் கூடவே அழைத்து வந்தார்கள். ஜப்பானியரிடம் பேச முடியாவிட்டாலும், இரு தரப்புக்கும் தெரிந்த சீன எழுத்தில் எழுதிக்காட்டியே அவர்கள் பேரத்தை முடித்துவிடுவார்கள்.