பழைய காரில் ரோட்டுச் சத்தம்: டேம்பிங் ஷீட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: பதினைந்து வருடம் ஓடிய கார். 80-ஐத் தாண்டினாலே ரோட்டுச் சத்தத்தில் உள்ளே பேச முடியவில்லை. டேம்பிங் ஷீட் ஒட்டினால் குறையுமா? செலவுக்குத் தகுந்த பலன் இருக்குமா?

குறையும். ஆனால் ஷீட்டை மட்டும் நம்பி இறங்கினால் பாதிக் காசு வீண். நான் மதுரையில் 2009 மாடல் டீசல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். இந்த வேலையை வீட்டு வாசலிலேயே, லீவு கிடைத்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து முடித்தேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஷீட் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். எவர்சில்வர் தாம்பாளத்தைத் தட்டிவிட்டு மேலே விரலை வைத்தால் சட்டென்று சத்தம் அடங்கும் இல்லையா, ஷீட்டின் வேலை அவ்வளவுதான். கார் கதவும் ஃப்ளோரும் மெல்லிய தகடு. டயரும் சஸ்பென்ஷனும் கொடுக்கிற அதிர்வில் அந்தத் தகடு தானும் அதிர்ந்து சத்தம் போடுகிறது. ஷீட்டில் கீழே பசைபோல பியூட்டைல் ரப்பர், மேலே அலுமினியத் தாள். தகடு வளைய முயலும்போது நடுவில் மாட்டிய ரப்பர் இழுபட்டு, அதிர்வைச் சூடாக மாற்றிவிடும். தகட்டின் அதிர்வுக்கு இது நல்ல மருந்து. காற்று வழியாக உள்ளே வருகிற டயர் இரைச்சலை இது பெரிதாகத் தடுக்காது. அதற்கு வேறு அடுக்கு வேண்டும், பின்னால் சொல்கிறேன்.

கடைக்குப் போகும் முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில் 80-ல் போகும்போது கிளட்சை மிதித்து இன்ஜினை ஐடிலில் விடுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் அது டயர், பேரிங், காற்று இவற்றில் ஒன்று. குறைந்தால் இன்ஜின் அல்லது சைலன்சர் பக்கம் பாருங்கள். அகலமான வளைவில் வலப்பக்கம் திரும்பும்போது ஊளைச் சத்தம் கூடினால் இடப்பக்க வீல் பேரிங் மீது சந்தேகம் வரவேண்டும், ஏனென்றால் எடை அந்தப் பக்கம் சாய்கிறது. பேரிங் போன வண்டிக்கு எத்தனை ஷீட் ஒட்டினாலும் பயன் இல்லை. அது பாதுகாப்பு விஷயமும்கூட.

அப்புறம் டயர். வண்டியை நிறுத்தி, டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி, எதிர்ப்பக்கம் ரம்பப் பல் மாதிரி தட்டுப்பட்டால் டயரின் பட்டன் கட்டைகள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. பேரிங் சத்தம் மாதிரியே ‘உம்’ என்று வருகிற சத்தத்துக்குப் பல நேரம் இதுதான் காரணம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் ஓர் எண் இருக்கும்: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. பட்டன் நிறைய மிச்சம் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போய்ச் சத்தம் கூடும். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு மேல் காற்றடித்து ஓட்டுகிறவர்கள் அதைக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். நல்ல டயர் நான்கு மாற்றினால் கிடைக்கிற அமைதி, கார் முழுக்க ஷீட் ஒட்டினாலும் கிடைக்காது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மூன்றாவது, கதவு பீடிங், அதாவது கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பர் பட்டை. பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். பிடிமானமே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. நம்ம ஊர் வெயிலில் பத்து வருடத்தில் பீடிங் தட்டையாகிவிடும். ஓட்டையை லேசாக நினைக்காதீர்கள். ஒரு தடுப்பின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி இடத்தை எவ்வளவு கனமாக மூடினாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. காற்றுச் சத்தம்தானா என்று உறுதி செய்ய, கதவு இடுக்குகளின் மேல் மாஸ்க்கிங் டேப் ஒட்டி ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும்.

இதெல்லாம் சரி என்றால் ஷீட்டுக்கு வாருங்கள். தார் சேர்ந்த ஷீட்டை எடுக்காதீர்கள். மொட்டைமாடி ஒழுக்கை அடைக்கிற டேப்பும் பெரும்பாலும் அந்த ரகம்தான். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் தகடு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். தார் இளகி வாடை வரும்; கதவிலும் கூரையிலும் ஒட்டியது சரிந்து இறங்கும். பியூட்டைல் என்று தெளிவாகப் போட்டிருக்கும் 2 மி.மீ. ஷீட் போதும். மேலே இருக்கும் அலுமினியம் சாப்பாடு சுற்றுகிற தாள் போல மெல்லியதாக இருந்தால் அதை வாங்க வேண்டாம்.

எவ்வளவு ஒட்டுவது? நான் விசாரித்த அக்சஸரிஸ் கடைத் தம்பி, “முழுசா ஒட்டிருவோம்ணே, சத்தமே கேக்காது” என்றார். தேவையே இல்லை. தகட்டில் மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி மூடினாலே அதிர்வு அடங்கிவிடும். 2 மி.மீ. ஷீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ எடை. 10 சதுர மீட்டர் ஒட்டினால் 30 கிலோவை எந்நேரமும் சுமந்துகொண்டு போகிறீர்கள். எங்கே ஒட்டுவது என்பதை விரல் கணுவே சொல்லும். டோர் பேடைக் கழற்றி, வெளித்தகட்டின் நடுவில் தட்டுங்கள்: ‘டங்’ என்று நீண்டு ஒலிக்கும். ஓரத்தில், மடிப்பு இருக்கும் இடத்தில் தட்டினால் ‘டொக்’ என்று நின்றுவிடும். ‘டங்’ வரும் இடத்தில் ஒரு துண்டு ஒட்டி, உருளையால் அழுத்தித் தேய்த்து, மறுபடி தட்டுங்கள். சத்தம் மாறியிருந்தால் அந்தத் தகடு முடிந்தது, அடுத்ததற்குப் போகலாம்.

ஒட்டும் இடத்தில் தூசி, எண்ணெய் கொஞ்சமும் இருக்கக் கூடாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலரவிடுங்கள். கையுறை கட்டாயம், அலுமினிய ஓரம் பிளேடு போல அறுக்கும். நமக்கு இருக்கிற ஒரு வசதி, ஹீட் கன் தேவைப்படாது. ஷீட்டைப் பத்து நிமிடம் வெயிலில் வைத்தாலே பதமாகிவிடும். கதவின் அடிமட்டத்தில் தண்ணீர் வடிகிற துளைகள் இருக்கும். அவற்றை மூடினால் மழைத் தண்ணீர் தேங்கி, கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கண்ணாடி இறங்கும் பாதையிலும் எதுவும் இடிக்கக் கூடாது. சீட்டைக் கழற்றும்போது அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்த பிறகே அதைத் தொட வேண்டும். அதில் தைரியம் இல்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்த இரண்டாவது அடுக்கு. காற்றில் வரும் இரைச்சலைத் தடுக்க எடை வேண்டும்; அந்த எடை தகட்டை நேரடியாகத் தொடவும் கூடாது. அதனால் ஃப்ளோரில் முதலில் மெல்லிய ஃபோம், அதன் மேல் கனமான வினைல் விரிப்பு, அதற்கு மேல் பழைய மேட். ஃபோமுக்குத் தனியாகக் கார் பிராண்டு தேட வேண்டாம். ஏசி பைப்புக்குச் சுற்றுகிறார்களே, அந்தக் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஃபோம் நன்றாக வேலை செய்யும், தண்ணீர் குடிக்காது. குஷன் கடை ஸ்பாஞ்சை மட்டும் போட்டுவிடாதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு தகட்டைத் தின்றுவிடும். எல்லா இடத்துக்கும் காசு போதாது என்றால் பின் வீல் ஆர்ச்சும் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகடு) டிக்கித் தரையும் முதலில் முடியட்டும். ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவே சுவர் கிடையாது, ஸ்டெப்னிக் குழியில் எழும் இரைச்சல் நேரே தலைக்கு வரும்.

பலன் எவ்வளவு? 10 டெசிபல் குறைந்தால்தான் காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றும். அதை எதிர்பார்க்காதீர்கள். டயரும் பீடிங்கும் மாற்றி, ஷீட்டும் ஒட்டிய பிறகு, திருமங்கலம் தாண்டி நாலுவழிச் சாலையில் அதே 80-ல் போன் ஆப் எனக்குக் காட்டியது மூன்று நான்கு டெசிபல் வித்தியாசம். எண்ணாகப் பார்த்தால் சின்னது. ஆனால் சத்தத்தின் குணம் மாறிவிட்டது. அடிவயிற்றில் இடிக்கிற ‘கும்’ போய்விட்டது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். விருதுநகர் போகிற வழியெல்லாம் பின் சீட்டில் பேசாமல் உட்கார்ந்து வருவார்கள். இப்போது முன்னால் இருக்கிற என்னோடு சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு வருகிறார்கள். செலவுக்குத் தகுந்த பலனா என்று கேட்டீர்கள். எனக்கு இது ஒன்றே போதும்.

ஃப்ளோரில் கை வைக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மேட்டைத் தூக்கி அடியில் இருக்கும் ஃபெல்ட்டை அமுக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் எங்கிருந்தோ தண்ணீர் இறங்குகிறது. அதை அடைத்து, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகே ஷீட். தொழிற்சாலையில் ஒட்டிய பழைய தார்ப் பட்டை கெட்டியாகப் பிடித்திருந்தால் அதைப் பெயர்க்க வேண்டாம். வேலை முடிந்தபின் ஐப்பசி அடைமழைக்கு அடுத்த நாள் இன்னொரு முறை மேட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்துவிடுங்கள்.