ஏழு ஆண்டுகளாகப் பதிவு செய்யவில்லை: வழக்கு காலாவதியாகிவிட்டதா?

கேள்வி: கலிபோர்னியாவில் கிரீன் கார்டில் வசிக்கும் என் தம்பி, பாலியல் குற்ற வழக்கொன்றில் தண்டனை முடிந்து, அத்தகையோர் செய்ய வேண்டியபடி தன் முகவரியைக் காவல்துறையில் முறையாகப் பதிவு செய்துவந்தான். ஏழு ஆண்டுகளுக்கு முன் அதே மாநிலத்திற்குள் வீடு மாறியதிலிருந்து பதிவையே விட்டுவிட்டான். மூன்று ஆண்டுகள் தாண்டிவிட்டதால் இனி வழக்குப் போட முடியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையல்ல. உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் வீடு மாறிய நாளிலிருந்து ஆண்டுகளை எண்ணுகிறார்கள். பிழை அங்கேதான் இருக்கிறது. அம்மாநிலத்தில் பெருங்குற்றங்கள் பலவற்றுக்கு மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு. ஆனால், வீடு மாறினால் ஐந்து வேலை நாட்களுக்குள்ளும், அதுபோக ஆண்டுதோறும் பிறந்தநாளையொட்டியும் பதிவு செய்யும்படி விதிக்கும் சட்டமே, அதைத் தெரிந்தே மீறுவது தொடர் குற்றம் என்றும் சொல்கிறது. 1997-இல் ரைட் வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றமும் அதைத் தொடர் குற்றமாகவே கொண்டது. ஆகவே, கடமை நிலுவையில் இருக்கும் வரை குற்றம் நாள்தோறும் நீடிப்பதாகவே கருதப்படும். அது முடியும்வரை மூன்றாண்டுக் கணக்கு தொடங்குவதே இல்லை.

பதிவு செய்யத் தவறும் எல்லாக் குற்றமும் இப்படியல்ல. இராணுவச் சேவைக்குப் பதிவு செய்யாத டூசி என்பவரின் வழக்கில், அந்தச் சட்டம் தொடர் குற்றம் என்று தெளிவாகச் சொல்லாததால், ஐந்தாண்டு கடந்து தொடுத்த வழக்கு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970-இல் தீர்ப்பளித்தது. உங்கள் தம்பிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து அங்கும் பதிவு செய்யாவிட்டால் கூட்டாட்சிச் சட்டத்தின் 2250-ஆம் பிரிவும் வரும். பத்து ஆண்டு வரை சிறை. அதில் தண்டிக்கப்படுவது, கிரீன் கார்டு உள்ளவரை நாடு கடத்தவும் தனியொரு காரணமாகும்.

இன்றே காவல் நிலையத்துக்குப் போகச் சொல்ல உங்களுக்குத் தோன்றும்; அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் தம்பி முதலில் அந்த மாவட்டத்துக் குற்றவியல் வழக்கறிஞரைப் பார்க்கட்டும். வீடு மாறிய தேதியைப் பற்றி அவர் காவலரிடம் சொல்வது அவருக்கு எதிரான சாட்சியமாகிவிடலாம். கடமையை அறிந்தே மீறினார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்பதால், முன்பு அவர் கையொப்பமிட்ட பதிவுப் படிவங்களே வழக்கின் மையமாக இருக்கும். அவற்றின் நகல்கள் இருந்தால் வழக்கறிஞரிடம் கொடுக்கட்டும். இதைத் தள்ளிப்போட வேண்டாம்: பதிவில்லாமல் கழியும் ஒவ்வொரு பிறந்தநாளும் தனிக் குற்றச்சாட்டாக முடியும். குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் இந்தியா வரவும் வேண்டாம். திரும்பும்போது விமான நிலையத்திலேயே பழைய தண்டனையைக் காட்டி நிறுத்தக்கூடும்.