சமுதாயக் கூடத்தில் நடக்கும் இசை, நாட்டியப் பள்ளியில் ஆசிரியர்களுக்குப் பட்டம் இல்லை. மகளைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். "நான்கு பேரில் ஒருவருக்குத்தான் டிப்ளமோ இருக்கிறது, மற்றவர்களுடைய பின்னணி என்னவென்றே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகளுக்கு ஏழெட்டு வயது இருக்கும். முதல் முறையாக வெளியில் வகுப்புக்கு அனுப்புகிறீர்கள். கட்டணம் பெரிய தொகை இல்லை, ஆனால் தப்பான இடத்தில் சேர்த்துவிட்டு நாலு வருடம் கழித்து வருத்தப்படக் கூடாதே என்று ஒரு பயம். அந்தப் பயத்தில் தப்பே இல்லை. பின்னணியைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். எதைப் பின்னணி என்று நினைக்கிறோம் என்பதில்தான் நான் ஒரு முறை பெரிய தவறு செய்திருக்கிறேன்.

நான் மயிலாடுதுறைக்காரி. எங்கள் பகுதியில் இருக்கும் ஒரு கூடத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் பாட்டு, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் நான்கும் சொல்லிக்கொடுக்கும் சின்னப் பள்ளி ஒன்று நடந்தது, இப்போதும் நடக்கிறது. பதினோரு வருடம் அதன் வரவு செலவு, வருகைப் பதிவேடு, ஆசிரியர் சம்பளம் எல்லாம் என் பொறுப்பு. நான் பாடகி இல்லை, ஆடத் தெரியாது. பகலில் கணக்கு வேலை, வார இறுதியில் இந்த வேலை. சம்பளம் வாங்காமல்தான் செய்தேன். யாரும் பாராட்ட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, இந்த விஷயத்தில் எனக்கு எந்த லாபமும் இல்லை என்று தெரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஆசிரியர்கள் யார் யார் என்று சொன்னால் உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். பாட்டு டீச்சர் அரசு இசைக் கல்லூரியில் படித்து இசைக் கலைமணி என்ற டிப்ளமோ வாங்கியவர், அதற்கு மேல் ஒரு வருட ஆசிரியர் பயிற்சியும் முடித்தவர். நாட்டிய டீச்சர் பி.காம்., பகலில் ஒரு சீட்டு கம்பெனியில் வேலை. ஆனால் ஆறு வயதிலிருந்து பதினான்கு வருடம் ஒரே நட்டுவனாரிடம், அதாவது பரம்பரை நாட்டிய ஆசானிடம், கற்றவர். அந்த ஆசான் படுக்கையில் விழும் வரைக்கும் கூடவே இருந்து, தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கமும் கற்றுக்கொண்டார். வயலின் சார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் நாடகக் குழுக்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறார், பத்து வருடம் வயலினைத் தொடாமலும் இருந்திருக்கிறார், ஓய்வுக்குப் பிறகு திரும்ப எடுத்தார். மிருதங்கமும் தாளமும் சொல்லிக்கொடுத்தவர் ஒரு தவில்காரர். அறுபத்து மூன்று வயது. நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

ஒரு வருடம் விஜயதசமிக்குச் சேர்க்கை நோட்டீஸ் அடிக்கலாம் என்று முடிவானது. வழவழப்பான தாளில், ஆசிரியர்கள் படத்தோடு. பெயர், கல்வித் தகுதி, அனுபவம் என்று மூன்று கட்டம். நான்தான் நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு எழுதினேன். ஐயாவிடம் "எது வரைக்கும் படிச்சிருக்கீங்க ஐயா?" என்று கேட்டேன். "அஞ்சாவது" என்றார். நோட்டீஸில் ஐந்தாம் வகுப்பு என்று போட எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அனுபவம் என்ற இடத்தில் "40 ஆண்டுகள்" என்று மட்டும். மற்ற மூன்று பேருக்கும் மூன்று மூன்று வரி.

நோட்டீஸ் வந்த அன்று மாலை வகுப்பு முடிந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கோபமெல்லாம் இல்லை. "ஏம்மா, எல்லாருக்கும் எழுத்து இருக்கு. எனக்கு மட்டும் கோடு போட்டிருக்கே?" என்றார். படிப்பு எதுவும் நீங்கள் சொல்லவில்லையே என்றேன். "நீ பள்ளிக்கூடத்தைத்தானே கேட்ட" என்றார்.

அதற்குப் பிறகு உட்கார வைத்துக் கேட்டேன். ஒன்பது வயதில் குரு வீட்டில் கொண்டு விட்டிருக்கிறார்கள், ஏழு வருடம் அங்கேயே. முதல் வருடம் முழுக்கத் தவிலைத் தொட விடவில்லை, தகதிமி போன்ற தாளச் சொற்களை, சொற்கட்டு என்பார்கள், வாயால் சொல்ல வேண்டும், தொடையில் தாளம் போட வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் இறைக்கும்போதும் சொல்ல வேண்டும். அப்புறம் மேளத்தோடு கிளம்பும்போது தாளம் போடும் வேலை. திருவிழாக் காலத்தில் ராத்திரி முழுக்கச் சாமிக்கு முன்னால் நான்கு வீதியும் நடந்துகொண்டே தாளம் போட வேண்டும், தூங்கி வழிந்தாலும் தாளம் வழியக் கூடாது. பதினாறு வயதில் தவில் வாசிக்க மாட்டும் கூட்டை விரலில் கட்டி, இரண்டாம் தவிலாக உட்கார வைத்திருக்கிறார்கள். மிருதங்கத்தையும் அதே குருதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. மூன்று வரிக்குள் அடங்காது, ஆனால் கோடு போட வேண்டிய இடமும் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு இன்னொரு விஷயம் புரிந்தது. அவர் வகுப்பில் தாளத்தில் வேகம் பிடித்து ஓடும் பிள்ளைகளை உட்கார வைத்துத் திட்ட மாட்டார். எழுப்பிக் கூடத்துத் தாழ்வாரத்தில் நடக்க விடுவார். அடி எடுத்து வைக்கும்போது ஒரு எண்ணிக்கை, வாயில் தகதிமி. அப்புறம் அதே நடையில் இரண்டாம் காலம், அதாவது வாயில் இரு மடங்கு வேகம், அப்புறம் மூன்றாம் காலம், அதற்கும் இரு மடங்கு. "கால் மாறக் கூடாது, வாய்தான் மாறணும்" என்பார். எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் சொல்லும் பையன் ஒருவன் இருந்தான், பத்து வயது. இரண்டு மாதம் தாழ்வாரத்தில் நடந்தான். அவன் அம்மா என்னிடம் வந்து, மிருதங்கத்துக்குப் பணம் கட்டினால் பிள்ளையை நடக்க விடுகிறாரே என்று சண்டை போட்டார். மூன்றாவது மாதம் அவன் உட்கார்ந்து வாசித்தபோது காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், கொஞ்சமும் மாறாமல் நின்றது. நான்கு வீதி நடந்தவருக்கு இதை யாரும் ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு எண்ணிக்கைக்கு மூன்று சொல் வந்தால் திஸ்ர நடை, நான்கு வந்தால் சதுஸ்ர நடை என்று நாம் சொல்கிறோமே, அந்த நடை என்ற சொல்லை அவர் காலால் கற்றிருக்கிறார். அதுதான் அவருடைய பின்னணி.

மறு வருடம் ஒரு உதவித் தொகைக்கு விண்ணப்பிக்க ஆசிரியர்களின் சான்றிதழ் நகல் கேட்டார்கள். எங்கள் நிர்வாகக் குழு என்ன செய்தது என்றால், மிருதங்கத்துக்கு எம்.ஏ. படித்த ஒருவரை எடுத்துக்கொண்டு ஐயாவை உதவியாளர் என்று பாதிச் சம்பளத்தில் போட்டது. நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். வாய் திறக்கவில்லை. ஐயா இரண்டு வாரம் வந்தார், அப்புறம் வரவில்லை. வந்த தம்பி நல்ல வாசிப்புக்காரர், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் பலகையில் கோர்வையை, அதாவது கணக்குப் போட்டு அமைத்த சொற்கட்டு வரிசையை, எழுதிப் போடுவார், பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், நோட்டை மூடினால் கை நின்றுவிடும். ஏழு மாதத்தில் அவருக்கு ஒரு தனியார் பள்ளியில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பதினான்கு பிள்ளைகள் இருந்த வகுப்பு ஐந்தாகிவிட்டது. உதவித் தொகையும் வரவில்லை.

இங்கே சிலர் வருவார்கள், பட்டம் படித்தவர்களை மட்டம் தட்டுகிறாள் என்று. இல்லை. எங்கள் பாட்டு டீச்சர் போல வரிசை பிசகாமல், ஆரம்பப் பாடமான சரளி வரிசையிலிருந்து கீர்த்தனை வரை ஒரு பிள்ளையையும் விடாமல் கூட்டிக்கொண்டு போகிறவரை நான் பார்த்ததில்லை, அந்த ஒழுங்கு அவருக்குக் கல்லூரியிலும் பயிற்சியிலும் வந்தது. மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன் சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர், அவரேதான் ஆறுபாதி நடேசய்யரிடமும் தஞ்சாவூர் வைத்தியநாதய்யரிடமும் பாலக்காடு மணி ஐயரிடமும் உட்கார்ந்து மிருதங்கம் கற்றவர். இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். குருகுலத்தில் கற்றவர்கள் எல்லாரும் நல்ல ஆசிரியர்கள் என்றும் நான் சொல்லவில்லை. தான் அடிபட்டுக் கற்றதால் பிள்ளைகளையும் அடிக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒருவரை நாங்களே ஒரே மாதத்தில் அனுப்பியிருக்கிறோம்.

ஆனால் பட்டம் இல்லாதவரைப் பள்ளியில் வைக்கலாமா என்ற கேள்வி இருக்கிறதே, அதற்கு ஊரே எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1936இல் ருக்மிணி தேவி சென்னையில் தொடங்கிய கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியில் ஆரம்ப காலத்தில் நாட்டியம் சொல்லிக்கொடுத்தவர்களில் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் உண்டு. ஒருவர் எங்கள் பக்கத்து நட்டுவனார், இன்னொருவர் கபாலீசுவரர் கோயிலில் ஆடியவர். ஓதுவார் மரபில் வந்த தண்டபாணி தேசிகர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைத் துறைக்கே தலைவராக இருந்தார். அரசு நடத்தும் மாவட்ட இசைப்பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் சேர ஏழாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். நாதசுரம், தவில், தேவாரம் சேரத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் சேர்க்கை விளம்பரத்தில் போடுவார்கள். அந்தக் கலைகள் எந்த வீடுகளிலிருந்து வருகின்றன என்று தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்திருந்து பயனில்லை. இப்போது எந்தக் கோயிலுக்குப் போனாலும் சுவிட்சைப் போட்டால் தானாக அடிக்கும் முரசு ஒன்று இருக்கிறது, மணியும் சேர்ந்து டமடமவென்று அடிக்கும். தீபாராதனை நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அந்த மெஷினை யாராவது நன்கொடையாகக் கொடுத்து, கொட்டை எழுத்தில் தங்கள் பெயரையும் எழுதியிருப்பார்கள். அதே தொகையை ஒரு நாதசுரக்காரருக்கும் தவில்காரருக்கும் சில மாதச் சம்பளமாகக் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். கல்யாணத்திலும் அப்படித்தான், கெட்டிமேளம் என்று கை காட்டும் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் அவர்களைத் திரும்பிப் பார்க்கிறோம், மீதி நேரம் மேளக்காரருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறோம். கோயிலும் கல்யாணமும் வேலை கொடுத்த வரைக்கும் ஐயா மாதிரி ஆட்களுக்கு எங்கள் பள்ளியின் முந்நூறு ரூபாய் வகுப்பு தேவைப்படவில்லை. அது குறைந்ததால்தான் எங்களிடமே வந்தார்.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியரிடம் யாரிடம் கற்றீர்கள், எத்தனை வருடம், இப்போதும் யாரிடமாவது கற்கிறீர்களா என்று கேளுங்கள். உண்மையாகக் கற்றவர் குருவின் பெயரைச் சொல்லத் தயங்கவே மாட்டார், நீங்கள் நிறுத்தச் சொல்லும் வரை சொல்வார். மூன்று மாதத்தில் இரண்டு பேரிடம் மாறினேன், அப்புறம் வீடியோ பார்த்துக் கற்றேன் என்றால் யோசியுங்கள். வானொலியில் பி ஹை கிரேடு, ஏ கிரேடு என்று யாராவது சொன்னால் அது வாசிப்புக்கும் பாட்டுக்கும் கொடுக்கும் தரம், குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமைக்கு அல்ல. அவரிடம் நான்கு ஐந்து வருடமாகக் கற்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பாருங்கள், என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும்விட நம்பகமானது. பள்ளி நடத்துபவர்களிடம் ஆசிரியர்களின் அடையாள அட்டை நகலும் முகவரியும் வாங்கி வைத்திருக்கிறார்களா, வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்குமா, பெற்றோர் உட்காரலாமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பட்டம் உள்ளவர், இல்லாதவர், எவ்வளவு பெரிய வித்வான் என்றாலும் இதில் விலக்கு கிடையாது. உட்காரக் கூடாது என்று சொல்லும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஐயா எங்கள் பள்ளிக்குத் திரும்ப வரவில்லை. நான் இரண்டு முறை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன், காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பிள்ளைகள் வருகிறார்கள், அதில் என் தங்கை மகனும் ஒருவன். போன வாரம் அவனை விடப் போனபோது தெருவில் தகதிமி சொல்லிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான், எதிரில் வந்த பால்காரர் சைக்கிளை ஓரம் கட்டி வழிவிட்டார்.