மாலை ஆறு முதல் இரவு பத்தரை வரை: வாசகர் கேள்வி - பதில்

தொலைக்காட்சியில் எந்தத் தொடர் எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று வாசகர்கள் பலர் வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

சென்னைத் தொலைக்காட்சிக் காலத்தில் தொடர்கள் வாரம் ஒரு நாள்தான் வந்தன. அவை எப்போது, எதற்காக அன்றாடம் வரத் தொடங்கின?
- வாசகி, கும்பகோணம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ வரும் வேளையிலும் ஞாயிற்றுக்கிழமை மாலைத் திரைப்படத்தின்போதும் தெருக்கள் வெறிச்சோடியதை அக்காலத்தவர் இன்றும் சொல்கிறார்கள். அப்போது இருந்தது ஒரே அலைவரிசை என்பதால், பார்வையாளரைச் சேர்த்துக்கொள்ளவோ தக்கவைத்துக்கொள்ளவோ அது தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கி, அதன்பின் வேறு தனியார் சேனல்களும் வந்து, கையில் ரிமோட்டும் வந்த பிறகுதான் பார்வையாளர் போய்விடக்கூடியவர் என்ற நிலை உண்டானது.

அந்த நிலையில் வாராந்தரத் தொடருக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒரு வாரம் தவறவிட்டால் இரண்டு வார இடைவெளி விழுந்து, கதையின் மீதிருந்த பிடிப்பு விட்டுப்போகும். அதோடு, ஒரே எட்டு மணிக்குத் திங்களன்று ஒன்றும் செவ்வாயன்று வேறொன்றும் வந்தால், வாரத்துக்கு ஐந்து அட்டவணைகளை மனத்தில் வைத்துக்கொள்ளும் சுமை பார்வையாளர் தலையில் ஏறும். அன்றாடத் தொடரில் நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு மணிதான். ராதிகாவின் ராடான் நிறுவனம் தயாரித்து, 1999 டிசம்பர் முதல் 2001 நவம்பர் வரை சன் டிவியில் வந்த ‘சித்தி’ இந்தப் பழக்கத்தைத் தமிழ்க் குடும்பங்களில் ஆழமாக ஊன்றியது. அதன்பின் வந்த ‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 வரையும், ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,500 எபிசோடுகளுக்கு மேலும் ஓடின. ஆறு ஆண்டுகள் நாள்தோறும் ஒரே வேளையில் ஒரு வீட்டுக்குள் வந்துபோகும் கதை, அந்த வீட்டு மனிதர்களின் வயதோடும் நல்லது கெட்டதோடும் சேர்ந்துவிடுகிறது. இந்த உறவை எளிதாக எண்ணிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏழு மணிக்கு ஒரு வகைக் கதையும் ஒன்பது மணிக்கு வேறு வகைக் கதையும் வருவதற்குக் காரணம் உண்டா?
- வாசகர், விருதுநகர்

உண்டு. அட்டவணையைச் சேனல் அலுவலகத்தில் எழுதுகிறார்கள் என்றாலும், அதற்கு அடிப்படையாக இருப்பது வீட்டின் கடிகாரம்தான். மாலை ஆறு, ஆறரை மணிக்குத் தொலைக்காட்சியின் முன் இருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் முதியவர்களும் ஆவர். ஏழு மணிக்குமேல் டியூஷன் முடித்த பிள்ளைகளும் வேலைக்குப் போனவர்களும் ஒருவர்பின் ஒருவராகத் திரும்புகிறார்கள். எட்டு மணியிலிருந்து ஒன்பதரை மணிவரை, சாப்பாட்டுத் தட்டோடு பலர் ஒரே அறையில் கூடுகிறார்கள். காலையில் சீக்கிரம் எழ வேண்டிய வீடுகளில் பத்து மணிக்குமேல் விளக்கு அணைந்துவிடும். இப்படி நேரம் ஏற ஏறப் பார்க்கும் தலைகளின் எண்ணிக்கையும் வயதும் மாறுவதால், பத்து விநாடி விளம்பரத்துக்குச் சேனல் கேட்கும் விலையும் அதற்கேற்ப மாறுகிறது. ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் யார் என்பதும் அந்தந்த வேளைக்கான கதையைத் தீர்மானிக்கிறது.

ஆயினும் இதை மாற்ற முடியாத விதியாகக் கொள்ள வேண்டியதில்லை. 2022 பிப்ரவரியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ இரவு ஒன்பதரை மணிக்கு வந்தது. வீடு ஓயத் தொடங்கும் அந்த வேளைக்கும் ஏராளமானோரை அது உட்கார வைத்தது. ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானபோது, தொடரைப் பார்க்காதவர்கள்கூட அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லித் துக்கம் பேசியதைக் கேட்டிருப்பீர்கள். பார்வையாளர்களுக்குக் காரணம் கிடைத்தால் அவர்கள் தங்கள் உறக்கத்தை அரை மணி தள்ளிவைக்கவும் செய்வார்கள்.

ஒரே ஒரு பெரிய நிகழ்ச்சி ஒரு சேனலைத் தூக்கி நிறுத்திவிட முடியுமா?
- வாசகர், கோயம்புத்தூர்

நிகழ்ச்சி மட்டும் நிறுத்திவிடாது. அதன் பின்னால் எதை வைக்கிறார்கள் என்பதில்தான் வெற்றி இருக்கிறது. இதற்கு இந்தியாவில் நடந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 2000ஆம் ஆண்டின் ஸ்டார் பிளஸ்.

அதுவரை இந்திப் பொழுதுபோக்குச் சேனல்களில் ஜீ, சோனி ஆகிய இரண்டுக்கும் பின்னால் இருந்த ஸ்டார் பிளஸ், 2000 ஜூலை 3 அன்று இரவு ஒன்பது மணிக்கு அமிதாப் பச்சன் நடத்திய ‘கௌன் பனேகா குரோர்பதி’யைத் தொடங்கியது. திரையில் மட்டுமே பார்த்திருந்த பெருநடிகர் திங்கள் முதல் வியாழன் வரை வீட்டுக் கூடத்துக்கே வந்து, எளிய மனிதரை எதிரே அமர்த்தி மரியாதையோடு கேள்வி கேட்டார். ஒரு கோடி ரூபாய் என்ற பரிசுத் தொகையும் அந்நாளில் கேட்டறியாதது. இவ்வளவும் எல்லாரும் அறிந்ததே. பலர் கவனிக்கத் தவறுவது அதே நாளில், அதே சேனலில், இரவு பத்தரை மணிக்கு நடந்த மற்றொரு தொடக்கத்தை. தயாரிப்பாளர் ஏக்தா கபூரின் ‘கியூங்கி சாஸ் பி கபி பஹூ தி’ என்ற மாமியார் மருமகள் தொடர் அன்றுதான் ஆரம்பமானது. அக்டோபரில் ‘கஹானி கர் கர் கி’ பத்து மணிக்கு வந்து சேர்ந்ததும், ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிவரை இடைவெளி இல்லாத ஒரே ஓட்டமாக அந்த இரவு அமைந்துவிட்டது. பச்சனைப் பார்க்க வந்த குடும்பம், அவர் விடைபெற்ற பின்னும் எழுந்துபோகாமல் அடுத்த கதையின் முதல் காட்சியைப் பார்த்தது, பார்த்தது பிடித்துப்போனது, மறுநாள் அந்தக் கதைக்காகவே வந்தது.

அடிபம்பில் தண்ணீர் ஏற வேண்டுமானால் முதலில் மேலிருந்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவோம் அல்லவா? வினாடி வினா நிகழ்ச்சி செய்த வேலை அதுதான். அதன் முதல் பருவம் 2001 இறுதியில் முடிந்துவிட்டது. அது ஊற்றெடுக்க வைத்த ‘கியூங்கி’யோ 2008 வரை ஓடியது. போட்டிச் சேனல்கள் அப்போது என்ன செய்தன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜீ டிவி பரிசைப் பத்து மடங்காக்கி, பத்துக் கோடி ரூபாய்க்கு ‘சவால் தஸ் குரோர் கா’ என்ற நிகழ்ச்சியைக் கொண்டுவந்து, சில மாதங்களிலேயே நிறுத்திவிட்டது. சோனி இந்தி நடிகர் கோவிந்தாவை அழைத்து வந்து அதே வழியில் முயன்றது. எதிரியின் அட்டவணையில் கண்ணுக்குத் தெரிந்த தூணை மட்டும் பார்த்து அதைப்போல் ஒன்றை எழுப்பினார்களே தவிர, அந்தத் தூண் எந்தக் கூரையைத் தாங்கியது என்பதை அவர்கள் பார்க்கவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

தமிழில் அக்காலத்தில் சன் டிவி சரத்குமாரைக் கொண்டு ‘கோடீஸ்வரன்’ நடத்தியது. ஆனால் அன்றாடத் தொடர்களின் பழக்கம் அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்ததால், அந்த நிகழ்ச்சிக்கு ஒரு சேனலையே மேலேற்றும் பொறுப்பு இருக்கவில்லை.

தொடருக்கான பணத்தைச் சேனல் தருகிறதா, தயாரிப்பாளர் சேனலுக்குத் தருகிறாரா?
- வாசகர், ஈரோடு

இரண்டு முறைகளும் உண்டு. ஸ்லாட் முறையில் தயாரிப்பாளர் ஒளிபரப்புக் கட்டணம் செலுத்தி அரை மணி நேரத்தைப் பெற்று, தம் செலவில் தொடரை எடுத்து, அந்த அரை மணிக்குள் தமக்குக் கிடைக்கும் விளம்பர நேரத்தை விற்றுப் பணத்தை மீட்டுக்கொள்வார். தமிழ் நெடுந்தொடர்களின் பொற்காலம் பெரும்பாலும் இந்த முறையில் வளர்ந்ததே. மற்றொரு முறையில் சேனலே ஒரு எபிசோடுக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளருக்குக் கொடுத்துவிட்டு, விளம்பர வருவாயையும் உரிமையையும் தானே வைத்துக்கொள்ளும். முன்னதில் அட்டவணை கடைத்தெருவைப் போன்றது: ஒவ்வொரு கடைக்காரரும் தம் வியாபாரத்தைத் தாமே கவனித்துக்கொள்வார். பின்னதில் எல்லா அலமாரிகளையும் ஒரே முதலாளி அடுக்குகிறார். ஆகையால் ஒரு தொடரின் முடிவை அடுத்த தொடரின் தொடக்கத்தோடு இணைப்பதும், நேரத்தை இடம் மாற்றுவதும் அவருக்கு எளிதாகின்றன. கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது. அதிலும் 2 நிமிடங்கள் சேனல் தன் நிகழ்ச்சிகளைத் தானே அறிவித்துக்கொள்வதற்கானவை. விற்கக்கூடிய நிமிடங்கள் இவ்வளவுதான் என்னும்போது, ஒவ்வொரு நிமிடத்தின் விலையையும் உயர்த்துவதே வழி. அதற்குத்தான், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் டி.ஆர்.பி. என்ற எண் தேவைப்படுகிறது.

எங்கள் வீட்டில் யாரும் வந்து கேட்டதே இல்லை. பிறகு டி.ஆர்.பி. யாருடைய கருத்து?
- வாசகி, மதுரை

நியாயமான கேள்வி. 2015 முதல் இந்த அளவீட்டைப் ‘பார்க் இந்தியா’ என்ற அமைப்பு செய்துவருகிறது. ஒளிபரப்பாளர்கள், விளம்பரதாரர்கள், விளம்பர முகவர் நிறுவனங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து நடத்தும் அமைப்பு அது. நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் பொருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு சேனலும் தன் ஒலியோடு காதுக்குக் கேட்காத ஓர் அடையாளத்தைக் கலந்து அனுப்ப, மீட்டர் அதைக் கண்டறிந்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்கிறது. யார் பார்க்கிறார்கள் என்பதை வீட்டில் உள்ளவர்கள் தங்களுக்குரிய பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். சனி முதல் வெள்ளி வரையிலான வாரக் கணக்கு அடுத்த வியாழக்கிழமை வெளிவரும். அந்த வியாழக்கிழமைகளில் சேனல் அலுவலகங்களிலும் படப்பிடிப்புத் தளங்களிலும் நிலவும் பதற்றத்தை, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் வீட்டோடு ஒப்பிடலாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மாதிரிக் கணக்கெடுப்புக்கும் பொருந்தும். ஆனால் சோறு முழுவதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். தமிழ்நாடு முழுவதையும் சேர்த்து முதலிடத்தில் இருக்கும் தொடர் எது என்று சொல்ல இந்த முறை போதுமானது. குறைவான பார்வையாளர்களைக் கொண்ட நிகழ்ச்சிகளுக்கோ, ஒரு சிறு வயதுப் பிரிவுக்கோ வந்தால், ஒருசில வீடுகள் ஊருக்குப் போனாலே எண் ஏறி இறங்கிவிடும். அந்தச் சிறு அசைவை நம்பி, வந்து இரண்டு மாதமே ஆன ஒரு கதையை முடித்துவைப்பது பிழை என்று நான் கருதுகிறேன். மீட்டர் உள்ள வீடுகள் எவை என்பது இரகசியமாக இருக்க வேண்டியதும் இன்றியமையாதது. அதில் முறைகேடு நடந்ததாகப் புகார் எழுந்தபோது, 2020 அக்டோபரில் செய்திச் சேனல்களுக்கான வாராந்தரக் கணக்கையே நிறுத்திவைத்தார்கள். அது 2022 மார்ச்சில்தான் மீண்டும் வெளிவந்தது.

‘மகா சங்கமம்’ என்று இரண்டு தொடர்களை ஒன்றாக்கி ஒரு மணி நேரம் காட்டுகிறார்களே, அது கதைக்காகவா?
- வாசகி, விழுப்புரம்

அட்டவணைக்காக. ஒரு தொடருக்கு நல்ல கூட்டமும் அடுத்த தொடருக்குக் குறைந்த கூட்டமும் இருந்தால், இரு குடும்பங்களையும் ஒரே திருமணத்திலோ திருவிழாவிலோ சந்திக்க வைத்து, முதல் தொடரின் ரசிகர்களுக்கு இரண்டாவது தொடரின் மனிதர்களை அறிமுகம் செய்துவைக்கிறார்கள். அரை மணியின் முடிவில் சேனலை மாற்றும் கை, ‘தொடரும்’ என்ற சொல் வராததால் அப்படியே நின்றுவிடுகிறது. பண்டிகை நாள்களில் புதுத் திரைப்படத்தின் இடைவேளைகளில் வரப்போகும் தொடரின் முன்னோட்டத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவதும் இதே நோக்கத்தோடுதான்: அன்று அந்தச் சேனலுக்கு விருந்தினராக வந்தவரை மறுநாளும் வரச் சொல்லி அழைப்பதே அது.

நான் விரும்பிப் பார்த்த தொடரை எட்டு மணியிலிருந்து மதியத்துக்கு மாற்றிவிட்டார்கள். இது சரியா?
- ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. புதிய தொடருக்கு நல்ல நேரம் வேண்டும் என்பதற்காகப் பழையதை மதியத்துக்கோ, இரவு பத்தரைக்கோ தள்ளுவது வழக்கமாகிவிட்டது. அதன்பின் எண் குறையும்; குறைந்த எண்ணைக் காட்டித் தொடரை அவசரமாக முடிப்பார்கள். கதை குறைந்ததா, நேரம் பறிபோனதா என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது.

அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் 1982 செப்டம்பரில் ‘சியர்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடரைத் தொடங்கியபோது, முதல் பருவத்தில் அது தரவரிசையின் அடிமட்டத்தில் கிடந்தது. நிறுவனத்தார் அதை நிறுத்தாமல் வியாழக்கிழமை இரவிலேயே வைத்திருந்தார்கள். 1984இல் அதே வியாழன் எட்டு மணிக்கு ‘தி காஸ்பி ஷோ’ வந்து பெருங்கூட்டத்தைச் சேர்த்ததும், அந்தக் கூட்டம் இரவு நீளத் தங்கி, ‘சியர்ஸ்’ தொடரையும் கண்டுகொண்டது. 1993 மே மாதம் வரை, பதினொரு பருவங்கள் அது ஓடியது.

உங்கள் தொடரை மீண்டும் எட்டு மணிக்குக் கொண்டுவருவார்கள் என்று என்னால் வாக்குக் கொடுக்க இயலாது. மதியத்தில் பார்க்க முடியாதெனில் சேனலின் செயலியில் அன்றைய எபிசோடு இருக்கும். பேரப்பிள்ளைகளில் ஒருவரைக் கேட்டால் கைப்பேசியில் எடுத்துத் தருவார்கள். கூடவே சேனலின் முகவரிக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். மீட்டர் இல்லாத வீடுகளிலிருந்து வரும் சொல்லும் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.