பிளக்கத் தொடங்கி நின்றுபோன கண்டம்

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகன் சுப்பீரியர் ஏரிக்கரையில் எடுத்த கறுப்புக் கல்லின் படத்தை இணைத்திருக்கிறேன். 110 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டம் பிளந்தபோது வழிந்த எரிமலைக் குழம்பாம். அங்கே இப்போது பிளவே இல்லையே! கல்லை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்? நம்மூர் லிட்டில் குய்லின் பூங்காவின் கல்லும் அப்படித்தானா?
– வாசகி, புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்

பதில்: மகன் சொன்னது சரிதான், அம்மா. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கல்லில் பச்சையும் வெள்ளையுமாகப் புள்ளிகள் தெரியும். குழம்பு இறுகும்போது வாயு தங்கிய குழிகள் அவை. பிறகு பாறைக்குள் ஊறிய வெந்நீர் அவற்றில் எபிடோட், கால்சைட் போன்ற கனிமங்களை நிரப்பியது. அதே வெந்நீர்தான் அந்த வட்டாரத்தில் கலப்பில்லாத செம்பையும் படியவைத்தது. பூர்வகுடிகள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைத் தோண்டி எடுத்தார்கள்.

செம்பு கொடுத்த வெந்நீர்தான், கல்லில் உள்ள தனிமங்களை அளந்து அதன் பிறப்பைக் கண்டறியும் எங்களுக்குத் தொல்லை. சோடியம், பொட்டாசியம், ருபிடியம் எல்லாம் அதில் கரைந்து இடம் மாறிவிடும். பழங்கல்லில் இவற்றை மட்டும் அளந்துவிட்டு அதன் பிறப்பைச் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். டைட்டானியம், சிர்கோனியம், நயோபியம், தோரியம், அருமண் தனிமங்கள் ஆகியவை பெரும்பாலும் நகராது. அதனால் இவற்றைத்தான் நம்புகிறோம். வெந்நீரின் கலப்பைத் தவிர்க்க, கல்லை உடைத்ததும் புள்ளியும் கனிம நரம்பும் உள்ள சில்லுகளை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைப் பொடியாக்குவோம்.

முக்கியமாக நயோபியத்தைப் பார்ப்போம். கடல்தளம் கண்டத்துக்கு அடியில் அமிழும் இடத்தில் உருவாகும் எரிமலைக் கல்லில், தோரியத்தோடு ஒப்பிட்டால் நயோபியம் குறைவாக இருக்கும். பூமியின் ஆழத்திலிருந்து நேரே ஏறிவந்த பிளவுக் குழம்பில் அந்தக் குறை இராது.

ஆனால் இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பிளவுக் குழம்பு மேலே வரும் வழியில் பழைய கண்டப் பாறையை உருக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அந்தப் பாறையிலும் நயோபியம் குறைவு! தோரியம், நயோபியம் வரைபடம் ஒன்றை மட்டும் பார்த்தால், கடல்தளம் அமிழும் இடத்துக் கல்லும் இப்படிக் கலந்த பிளவுக் கல்லும் ஒன்றுபோலத் தோன்றும். அருமண் தனிமமான நியோடிமியத்தின் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட அணு வகை) விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிலிகா கூடக் கூட நயோபியக் குறையும் கூடி, நியோடிமியம் 143-இன் விகிதம் இறங்கினால், அது வழியில் கலந்த கண்டப் பாறையின் வேலை என்று துணிந்து சொல்லலாம்.

வேதியியலை மட்டும் நம்பவும் வேண்டாம். பாதியில் நின்றுபோன அந்தப் பிளவு வண்டலுக்கு அடியில் புதைந்து கான்சாஸ் மாநிலம் வரை நீள்கிறது. அடர்த்தியான பசால்ட் (கறுப்பு எரிமலைக் கல்) நிறைந்திருப்பதால் அதற்கு மேலே புவியீர்ப்பு சற்றே கூடுதல். கருவிகள் அதைக் காட்டுகின்றன.

லிட்டில் குய்லின் கல் காப்ரோ. வெளியே வழிந்த குழம்பல்ல, ஆழத்திலேயே மெல்ல ஆறி இறுகியது. அதனால்தான் அதன் படிகங்கள் கண்ணுக்கே தெரிகின்றன. அதுவும் பக்கத்திலுள்ள புக்கிட் தீமா கிரானைட்டும் கடல்தளம் அமிழ்ந்த காலத்துக் கற்கள். பிளவுக் கதை இங்கே பொருந்தாது.

மகன் ஆய்வுக்குக் கல் எடுப்பதாக இருந்தால், குழம்பு அடுக்கின் நடுப்பகுதியில் எடுக்கச் சொல்லுங்கள். மேற்பகுதியில் குமிழ்க்குழிகள் அதிகம். வெந்நீர் அங்கேதான் அதிகம் புகுந்திருக்கும்.