‘நான் குளிர்’

வணக்கம் சார்,

மேற்படிப்புக்காக நோவி ஸாத் வந்து நான்கு மாதம் ஆகிறது. செர்பிய மொழி வகுப்பில் இப்போது வானிலைப் பாடம். குளிர்கிறது என்று சொல்ல நினைத்து, ஆங்கில வாக்கியத்தை அப்படியே மாற்றி ‘யா ஸாம் ஹ்லாதன்’ என்றேன். ஆசிரியை சிரித்துவிட்டு, “அப்படியா, பார்த்தால் பாசமான பையனாகத்தானே தெரிகிறாய்?” என்றார். வகுப்பே சிரித்தது. ஏழு வேற்றுமைகளைக் கட்டி மேய்ப்பதே பெரும்பாடு. இதில் மழை, வெயில் என்று உட்கார்ந்து படிப்பது அவசியம்தானா? பெல்கிரேடில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

ஆசிரியை சிரித்ததில் தப்பில்லை. நீங்கள் சொன்னதற்கு ‘நான் ஒட்டாத ஆள், நெஞ்சில் ஈரமில்லாதவன்’ என்று பொருள். குளிர்கிறது என்பதற்கு அங்கே ‘ஹ்லாத்னோ மி யெ’. அந்த ‘மி’தான் நம்முடைய ‘எனக்கு’. தமிழில் யாராவது ‘நான் குளிர்கிறேன்’ என்போமா? எனக்குக் குளிருது. அவ்வளவுதான். ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாமல் இருந்திருந்தால், பள்ளிக்கூடம் போகாத உங்கள் பாட்டி போலவே சரியாகச் சொல்லியிருப்பீர்கள். ஏழு வேற்றுமைக்கு ஏன் பயம்? நீங்கள் எட்டோடு வளர்ந்தவர். நமக்கு நான்காவதாக இருப்பது அவர்கள் வரிசையில் மூன்றாவது, அதுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் கவனியுங்கள். இடி இடித்தால் அவர்கள் ‘க்ர்மி’ என்பார்கள். ஒரே சொல், எழுவாய் கிடையாது. மின்னினால் ‘ஸேவா’ (நம் சேவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). நாமும் ‘இடிக்குது’, ‘மின்னுது’ என்று அப்படித்தானே விடுகிறோம்? எது இடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மழைக்கு மட்டும் நம் பெய்தல் மாதிரி தனி வினை வழக்கத்தில் இல்லை. ‘பாதா கிஷா’, மழை விழுகிறது என்பார்கள். ஆனால் சிணுசிணுவென்று தூறினால் ‘ரோமிஞா’. சொல்லிப் பாருங்கள், நம் ஞகரமேதான்.

‘வ்ரேமெ’ என்ற சொல்லுக்கு வானிலை என்றும் பொருள், காலம் என்றும் பொருள். மழைக்காலம், பனிக்காலம் என்று சொல்லும் நமக்கு இது புதிதில்லை. அதோடு ‘நெ’ சேர்த்து ‘நேவ்ரெமெ’ என்றால் புயல், கடும் மழைக்காற்று. ‘ஊ நேவ்ரெமெ’ என்றால் நேரங்கெட்ட நேரத்தில். நம்முடைய ‘அகாலம்’ ஞாபகத்துக்கு வரவில்லையா?

கஷ்டம் எங்கே என்றால் எண்ணில். ஒரு டிகிரிக்கு ‘ஸ்தேபென்’, இரண்டு முதல் நான்குவரை ‘ஸ்தேபெனா’, ஐந்திலிருந்து ‘ஸ்தேபெனி’. இருபத்தொன்று வந்தால் மறுபடி ஒருமை! இதற்குக் குறுக்குவழி எதுவும் இல்லை, உருப்போடுங்கள். எண்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. 1985 ஜனவரியில் பெஷ்தெர் மேட்டுநிலத்தில் மைனஸ் 39.5 டிகிரி, 2007 ஜூலையில் ஸ்மெதெரெவ்ஸ்கா பலாங்காவில் 44.9. இவ்வளவு சின்ன நாட்டில் இரண்டும்.

அவசியமா என்று கேட்டீர்கள். பெல்கிரேடில் ஒரு ஜூலை மாதம், பேருந்தில் வேர்த்து ஊற்றியது. எதிரெதிரே இருந்த இரண்டு ஜன்னல்களையும் திறந்தேன். பின்னாலிருந்து ஓர் அம்மாள் “ப்ரோமயா!” என்று அலறினார். ஊடுகாற்று. கழுத்துப் பிடிப்பு முதல் காதுவலிவரை எல்லாம் அதனால்தான் வருகிறது என்பது அங்கே பலரின் உறுதியான நம்பிக்கை. ஜன்னலை மூடிவிட்டு எல்லோரும் சேர்ந்து வெந்தோம். அந்தச் சொல் தெரியாமல் செர்பியாவில் ஒரு வீட்டுக்கும் விருந்துக்குப் போகாதீர்கள்.

அப்புறம் ‘ஸுபாதோ ஸுன்ட்ஸே’, பல்லுள்ள சூரியன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பளீரென்று வெயில். நம்பி வெளியே போனால் கடிக்கும். நான் தொப்பி இல்லாமல் போய்க் கடிபட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட கோஷவா. தென்கிழக்கிலிருந்து வரும் காற்று. ஜெர்தாப் பள்ளத்தாக்கில் டான்யூப் ஆற்றோடு நெருக்கிக்கொண்டு வந்து பெல்கிரேடில் அறையும். பெரும்பாலும் இலையுதிர் முடிவிலிருந்து வசந்தத் தொடக்கம்வரை. தொடங்கினால் மூன்று நாள், இல்லையேல் ஏழு, இல்லையேல் இருபத்தொரு நாள் என்பது ஊர்க்கணக்கு.

நான் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மூதாட்டி. ஐந்து மாதமாக எங்களுக்குள் ‘தோபர் தான்’ என்ற வணக்கத்தைத் தாண்டி ஒன்றும் கிடையாது. நவம்பரில் கோஷவா ஆரம்பித்த அன்று, கதவோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். “யெல் தி ஹ்லாத்னோ?” என்றார். உனக்குக் குளிருதா? “ஹ்லாத்னோ மி யெ” என்றேன். அந்த மொழியில் யோசிக்காமல் நான் சொன்ன முதல் வாக்கியம் அது. உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார், மூன்று-ஏழு-இருபத்தொன்று கணக்கையும் சொன்னார். அதற்குப் பிறகு தினமும் படிக்கட்டில் இருவரும் நாள் எண்ணினோம்.

எட்டாம் நாள் காலையிலும் ஜன்னல்கள் தடதடத்தன. “ஏழு முடிந்துவிட்டதே பாட்டி?” என்றேன்.

முக்காட்டை இறுக்கிக்கொண்டு, “அப்படியென்றால் இருபத்தொன்று” என்று சொல்லிவிட்டு ரொட்டி வாங்கக் கிளம்பினார்.